லீவு வீடு

பால் பவுடரை வெந்நீரில் கொட்டிக் கலக்கும்போது ஒரு வாசனை எழும். அதைப் பாலின் வாசனை என்றும் சொல்ல முடியாது, மாவின் வாசனை என்றும் சொல்ல முடியாது. புதிதாகச் சுண்ணாம்பு அடித்த சுவரில் மழைத் தண்ணீர் பட்டால் வருமே, அதற்குக் கொஞ்சம் பக்கத்தில் இருக்கும். எழுபதுகள் முடிந்து எண்பதுகள் தொடங்கிய அந்தச் சில வருடங்களில் என் காலைப்பொழுதுகள் எல்லாம் அந்த வாசனையில்தான் விடிந்தன. திருவண்ணாமலையில் போளூர் ரோட்டை ஒட்டி, ஓடு வேய்ந்த நீளமான கட்டடம் ஒன்றில், தாய் தகப்பன் இல்லாத, அல்லது இருந்தும் இல்லாத பெண் பிள்ளைகள் நாங்கள் வளர்ந்தோம். வெளியில் இருப்பவர்கள் அதை "அனாதை ஆஸ்டல்" என்றார்கள். நாங்கள் வெறுமனே "ஹோம்" என்போம். மணி அடித்தால் எழுவோம், மணி அடித்தால் பல் விளக்குவோம், மணி அடித்தால் தட்டும் டம்ளருமாக வரிசையில் நிற்போம். வெளிநாட்டிலிருந்து தானமாகக் கப்பலில் வந்ததால் "கப்பல் கோதுமை" என்று நாங்கள் பெயர் வைத்திருந்த ரவையில் கிண்டிய உப்புமாவும் அந்தப் பாலும் கிடைக்கும். ஒரு மணிக்கும் அடுத்த மணிக்கும் நடுவில் என்ன செய்யலாம் என்று யோசிக்கிற வேலை எங்களுக்கு இருந்ததே இல்லை.

நான் அங்கே எப்படி வந்தேன் என்பதை எழுதப் போவதில்லை. மறைக்கிறேன் என்று நினைக்க வேண்டாம், எனக்கே அதிகம் தெரியாது. ஒரு கோடை லீவைப் பற்றி மட்டும்தான் எழுத நினைக்கிறேன். அந்த லீவில் எனக்கு நடந்த நல்லது யாரால் நடந்தது, எதனால் நடந்தது என்பது இன்றுவரை எனக்குச் சரியாகப் பிடிபடவில்லை.

மே மாதத்தில் ஹோமின் கிணறு வற்றிவிடும். சமையல்காரம்மாவும் தன் ஊருக்குப் போய்விடுவார். மாமா, சித்தப்பா என்று யாராவது இருக்கும் பிள்ளைகளை அவர்கள் வந்து கூட்டிக்கொண்டு போவார்கள். யாரும் இல்லாத என்னைப் போன்றவர்களை "லீவு வீட்டுக்கு" அனுப்புவார்கள். அதாவது, ஊரிலோ சுற்றுப்பட்டுக் கிராமங்களிலோ மனசுள்ள குடும்பம் ஏதாவது ஒரு பிள்ளையை லீவு முடியும்வரை வைத்துக்கொள்ளும். பிடித்துப்போனால், பள்ளிக்கூடம் திறந்த பிறகும் வைத்துக்கொண்டு தங்கள் பிள்ளையாகவே வளர்ப்பார்கள். பிடிக்கவில்லை என்றால் திரும்பக் கொண்டுவந்து விட்டுவிடுவார்கள். அப்படித் திரும்பி வந்தவளுக்கு எங்களுக்குள் "ரிட்டன்" என்று பெயர். பிள்ளைகள்தானே, இரக்கம் எல்லாம் கிடையாது. "ரிட்டனு, தண்ணி எடுத்தாடி" என்று கூப்பிட்டால் அவளும் எடுத்துக்கொண்டு வருவாள்.

குமாரி அக்கா இரண்டு தடவை "ரிட்டன்" ஆனவர். நான் சொல்லும் காலத்தில் அவருக்கு இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயது இருக்கும். எங்கள் ஹோமிலேயே வளர்ந்து, பதினெட்டு வயது ஆனதும் வெளியே போய், தேரடி வீதிப் பக்கம் ஓர் அச்சாபீசில் பைண்டிங் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். மைதாப் பசையில் மயில்துத்தம் கலப்பார்களாம். அந்த நீலம் அவர் நகக்கண்களில் எப்போதும் கொஞ்சம் ஒட்டியிருக்கும். வாரத்தில் அவருக்குக் கிடைப்பது ஞாயிற்றுக்கிழமை ஒரு நாள் லீவு. அந்த நாளிலும் சினிமாவுக்குப் போகாமல், தூங்காமல், மத்தியானம் எங்களிடம் வந்துவிடுவார். யாரும் அவரை வரச் சொல்லவில்லை, யாரும் அவருக்குக் காசு கொடுக்கவில்லை. முதலில் எங்களுக்குப் பேன் பார்ப்பார். பிறகு, அந்த வருடம் லீவு வீட்டுக்குப் போக இருக்கிற பிள்ளைகளைச் சாப்பாட்டுக் கூடத்தில் உட்கார வைத்து "வீட்டு விளையாட்டு" ஆடுவார்.

ஒரு பாயை விரித்து, அதுதான் வீடு என்பார். அவர்தான் வீட்டுக்கார அம்மா. எங்களில் ஒருத்தி கதவுக்கு வெளியே போய் நின்று உள்ளே வர வேண்டும்.

"வாம்மா வா. வெயில்ல வந்திருக்க. சாப்பிடுறியா?"

"சாப்பிடறேங்க."

"தப்பு! வெளிய போ. மறுபடி வா." எல்லாரும் சிரிப்போம். "பறந்துகினு வந்து சாப்பிடறேன்னா, சோத்துக்கே வந்த புள்ளைனு நெனைப்பாங்க இல்ல? 'வேணாங்க, இப்பதான் சாப்டேன்'னு சொல்லு. ரெண்டாவது வாட்டி கேட்டாலும் வேணாம்னு சொல்லு. அதுக்கும் மேல கேட்டா, 'கொஞ்சம்ங்க'னு சொல்லு. தட்டுல கம்மியா இருக்கறப்பவே கைய மூடிக் காட்டிடணும்."

இப்படி எத்தனையோ பாடங்கள். பாயின் ஓரத்தில் உட்கார வேண்டும், நடுவில் உட்காரக் கூடாது. பெட்டி, பானை, டப்பா எதன் மூடியையும் திறக்கக் கூடாது. வீட்டுக்கார அம்மாவுக்கு முன்னால் எழுந்து பாயைச் சுருட்டிவிட வேண்டும். அழுகை வந்தால் குளிக்கும்போது அழுதுவிட வேண்டும், அப்போது முகம் நனைந்திருப்பதை யாரும் கேட்க மாட்டார்கள். எல்லாவற்றையும்விட அக்கா அழுத்தமாகச் சொன்னது பையைப் பற்றித்தான். "உன் பை எப்பவும் கட்டி ரெடியா இருக்கணும். தொவச்ச துணி காஞ்சுதா, உடனே எடுத்து மடிச்சி உள்ள வெச்சிடு. கொடியில உடாத. பைய வாசப்படியாண்டயே வெச்சிக்கோ." எதற்கு என்று நாங்கள் கேட்கவில்லை. மணி எதற்கு அடிக்கிறது என்று நாங்கள் கேட்டதில்லை, அதுபோலத்தான்.

வீட்டு விளையாட்டில் நான்தான் நன்றாகச் செய்கிறேன் என்று அக்கா சொல்வார். எனக்கு இயல்பிலேயே கூச்சம் அதிகம். வேணாம் என்று சொல்வது எனக்குச் சுலபமாக வந்தது.

என்னை அழைத்துப் போக வந்தவர் ஏழுமலை. மலைக்கு மறுபக்கம் இருக்கும் அடி அண்ணாமலைக்காரர். எங்கள் சமையலறைக்குக் கத்தரிக்காயும் கீரையும் சைக்கிளில் கொண்டுவந்து போடுகிறவர் என்பதால் முகம் தெரியும். அவருக்கும் அவர் மனைவி பூங்காவனத்தம்மாவுக்கும் பிள்ளை இல்லை. மல்லாட்டை என்று அங்கே சொல்லும் வேர்க்கடலை போட்ட கொஞ்சம் கொல்லை, ஒரு பசு, மலை சுற்றும் பாதையைப் பார்த்த மாதிரி ஓட்டு வீடு. பௌர்ணமிக்கு மலை சுற்றி வருகிறவர்களுக்காக வாசலில் ஒரு சின்னக் கடை. எனக்கு அப்போது பதினொரு வயது. சைக்கிள் கேரியரில் மஞ்சள் பையை மடியில் வைத்துக்கொண்டு போனபோது, மலை எங்கள் கூடவே ஒரு பக்கமாகத் திரும்பித் திரும்பி வந்தது. ஹோம் ஜன்னலில் நான் பார்த்துப் பழகிய மலை வேறு உருவம், அடி அண்ணாமலையில் நின்று பார்த்த மலை வேறு உருவம். இது வேறு மலையா என்று கேட்க ஆசையாக இருந்தது, ஆனால் கேட்கவில்லை.

பூங்காவனத்தம்மா வாசலிலேயே நின்றிருந்தார். நல்ல உயரம், கறுப்பு, பெரிய குரல். ஆனால் என்னிடம் பேசும்போது மட்டும் அந்தக் குரலை ஏதோ துணியில் சுற்றி வைத்த மாதிரி அடக்கிப் பேசினார். "வாம்மா, சாப்பிடுறியாம்மா?" அப்படியே விளையாட்டில் அக்கா கேட்ட கேள்வி! எனக்கு உள்ளுக்குள் ஒரே சந்தோஷம். "வேணாங்க, இப்பதான் சாப்டேன்" என்றேன். காலையில் குடித்த பாலுக்குப் பிறகு எதுவும் சாப்பிட்டிருக்கவில்லை. அவர் மறுபடியும் கேட்பார் என்று காத்திருந்தேன். "சரி, பசிச்சா கேளு" என்று சொல்லிவிட்டு அவர் மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார்.

விளையாட்டில் இப்படி ஒரு இடம் வரவே இல்லை.

மணி அடிக்காத வீட்டில் எப்போது பசிக்க வேண்டும், எப்போது தூங்க வேண்டும் என்று எனக்கு விளங்கவில்லை. அவர்கள் இஷ்டத்துக்கு எழுந்தார்கள், கொல்லையிலிருந்து வந்ததும் நின்றபடியே கூழைக் கரைத்துக் குடித்தார்கள், மத்தியானச் சோற்றை ஒரு நாள் சீக்கிரமும் ஒரு நாள் சாயங்காலமும் சாப்பிட்டார்கள். எனக்காக ஒரு புது எவர்சில்வர் தட்டு வாங்கி வைத்திருந்தார் பூங்காவனத்தம்மா. அவர்கள் இரண்டு பேரும் நசுங்கிய அலுமினியத் தட்டில்தான் சாப்பிட்டார்கள். நான் பாயின் ஓரத்தில் உட்கார்ந்து, சோறு கொஞ்சமாக விழும்போதே கையை மூடிக் காட்டிவிடுவேன். கருவாட்டுக் குழம்பு வைத்தார், வேணாம் என்றேன். மறுநாள் முட்டை பொரித்தார், அதையும் வேணாம் என்றேன். அவர் வற்புறுத்தவில்லை. ஹோமில் வளர்ந்த பிள்ளையை வற்புறுத்தினால் பயந்துபோகும் என்று அவருக்கு யாரோ சொல்லியிருந்தார்களாம். இது எனக்குப் பல வருடம் கழித்துத்தான் தெரிந்தது. அதனால் அவர் ஒருமுறைதான் கேட்பார். நான் மூன்றாவது முறைக்காகக் காத்துக்கொண்டிருந்தேன். இப்படியே நல்ல குழம்பு வாசனைக்கு நடுவில் நான் அரைப் பட்டினியாக இருந்தேன்.

விடியும் முன் எழுந்து பாயைச் சுருட்டுவேன். துணிகளை மடித்துப் பையில் வைத்து, வாயைக் கயிற்றால் கட்டி, வாசற்படி ஓரம் கொண்டுபோய் வைப்பேன். பூங்காவனத்தம்மா எழுந்து கோலம் போட வரும்போது முதலில் அந்தப் பையைத்தான் பார்ப்பார். பார்த்துவிட்டு என்னையும் பார்ப்பார்.  அவர் முகம் ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிக்கொண்டே போனதை நான் கவனித்தேன். காரணம் மட்டும் புரியவில்லை. ஒரு தப்பும் செய்யவில்லையே, அக்கா சொன்ன எதையும் விடவில்லையே என்று மனசுக்குள் ஒவ்வொன்றாகச் சரிபார்ப்பேன்.

பக்கத்து வீட்டுக் கன்னியம்மா அடிக்கடி வந்து குந்திக்கொண்டு வாயடிப்பார். "ஏன்டீ பூங்காவனம், டவுனு ஆஸ்டல்ல பாலும் ரவையுமா தின்ன புள்ளைக்கு உன் கூழு எறங்குமா? பாரு, மூஞ்சிய எப்படி வெச்சிகினு இருக்குது!" என்பார். பூங்காவனத்தம்மா சிரிக்க மாட்டார்.

ஒரு நாள் மத்தியானம், கொல்லையில் பிடுங்கிப் போட்ட மல்லாட்டைச் செடிகளிலிருந்து காய் ஆய்ந்துகொண்டு அவர்கள் இரண்டு பேரும் பேசியது கிணற்று மேட்டில் இருந்த என் காதில் விழுந்தது.

"இது இங்க ஒட்டலய்யா. டெய்லி பையக் கட்டி வாசப்படியாண்ட வெச்சிட்டு நிக்குது. எப்படா போவோம்னு இருக்குது போல."

"இன்னாமே, சின்னப் புள்ள."

"சின்னப் புள்ளைக்குத்தான் மனசுல இருக்கறது மறைக்கத் தெரியாது. புடிக்காத புள்ளய புடிச்சி வெச்சிக்கறது பாவம். ஸ்கூல் தொறக்கறப்போ கொண்டுபோயி உட்டுடு."

ஏழுமலை செடியை உதறி மண்ணைத் தட்டும் சத்தம் மட்டும் கேட்டது.

இனி என்னையும் "ரிட்டனு, தண்ணி எடுத்தாடி" என்று கூப்பிடுவார்கள், நானும் எடுத்துக்கொண்டு போவேன். அன்று இரவு முழுக்க யோசித்து நான் கண்டுபிடித்த வழி என்ன தெரியுமா? இதுவரை செய்தது போதவில்லை, இன்னும் நன்றாகச் செய்ய வேண்டும் என்பதுதான். மறுநாளிலிருந்து இன்னும் சீக்கிரம் எழுந்தேன். இன்னும் ஓரமாக உட்கார்ந்தேன். பையின் முடிச்சை இரட்டையாகப் போட்டேன். சோறு வேணுமா என்று கேட்கும் முன்னாலேயே வேணாம் என்றேன்.

லீவு முடியக் கொஞ்ச நாளே இருந்தபோது ஒரு ஞாயிற்றுக்கிழமை பௌர்ணமி வந்தது. இப்போது போல மலையைச் சுற்றி மனிதத் தலையாகவே தெரியும் கூட்டம் அப்போது கிடையாது. கும்பல் கும்பலாக, பேசிக்கொண்டு, பாடிக்கொண்டு வருவார்கள். வாசல் கடையில் நீர்மோர்ப் பானையும், அவித்த மல்லாட்டையும், கற்பூரமும் இருந்தன. சாயங்காலம் வெயில் தாழாத நேரத்தில், முன்னால் வந்த ஒரு கும்பலில் செருப்பில்லாமல் குமாரி அக்கா வந்துகொண்டிருந்தார். மலை சுற்றுகிற சாக்கில் என்னைப் பார்க்க வந்திருந்தார். எனக்கு ஓடிப்போய்க் கட்டிக்கொள்ள வேண்டும்போல் இருந்தது, ஆனால் வாசற்படியிலேயே நின்றுவிட்டேன்.

"வாம்மா. நீதான் குமாரியா? ஆஸ்டல்ல சொன்னாங்க" என்று பூங்காவனத்தம்மா பாயை விரித்தார். "மோர் குடி."

"வேணாங்க, இப்பதான் குடிச்சேன்" என்றார் அக்கா. உதடு காய்ந்து வெள்ளையாக இருந்தது.

"எங்க குடிச்ச?"

"வர்ற வழியிலங்க."

"வழியில எங்க? எனக்கு முன்ன ஒரு கடையும் இல்லியே."

அக்கா பாயின் ஓரத்தில், ஒரு காலை மடக்கி, தன் துணிப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். கடையில் உதவிக்கு வந்திருந்த கன்னியம்மா எங்களைப் பார்த்துவிட்டுக் கையைத் தட்டிச் சிரித்தார். "இன்னாடி இது, ரெண்டும் ஒரே அச்சுல வார்த்தாப்பல குந்திகினு இருக்குது!"

பூங்காவனத்தம்மா சிரிக்கவில்லை. அக்காவைப் பார்த்தார். அக்காவின் மடியில் இருந்த பையைப் பார்த்தார். வாசற்படி ஓரம் இருந்த என் பையைப் பார்த்தார்.

"நீ எத்தினி ஊட்டுக்குப் போயிருக்கம்மா?"

"ரெண்டுங்க."

"ஏன் அனுப்பிட்டாங்க?"

"தெரியலீங்க. ஒண்ணும் சொல்லல. நல்லவங்கதான்."

"இந்தப் பொண்ணுக்குப் பையக் கட்டி வெக்கச் சொன்னது நீயா?"

அக்காவின் முகம் மலர்ந்துபோனது. பாராட்டப் போகிறார்கள் என்று நினைத்துவிட்டார். "ஆமாங்க. ஒழுங்கா செய்யறாளா? மறந்துடுவாளோன்னு நெனச்சேன்."

"எதுக்கு?"

"போவச் சொன்னா டக்குனு கெளம்பணும் இல்லீங்க, உங்களுக்கும் சிரமம் இருக்கக் கூடாது. எனக்கு ஒருவாட்டி கொடியில காய்ஞ்ச பாவாடை அங்கியே நின்னுபோச்சி. நல்ல பாவாடைங்க. திரும்பப் போயி கேக்க முடியுமா?"

 பாதையில் போன கும்பலில் ஒருவர் அரோகரா என்றார், மற்றவர்கள் திருப்பிச் சொன்னார்கள். பிறகு பூங்காவனத்தம்மாவின் குரல், நான் வந்த நாளிலிருந்து அவர் சுற்றி வைத்திருந்த துணியை உதறிக்கொண்டு எழுந்தது.

"நல்லா குடுத்தடீ புத்தி! இது இன்னா சத்திரமா, பஸ் ஸ்டாண்டா? எம் மூஞ்சி புடிக்கலியோ, எங்கைச் சோறு புடிக்கலியோன்னு நான் தலையப் பிச்சிகினு கெடக்கறேன். கெடந்த கெடப்புல எளச்சே பூட்டேன். பட்டினி கெடக்கவா நான் இந்தப் புள்ளய இட்டாந்தேன்?"

அக்கா எழுந்துவிட்டார். "நான் வர்றேங்க."

"குந்து! சாப்டுட்டுப் போ."

"வேணாங்க, இப்பதான்..."

கன்னியம்மா வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். பூங்காவனத்தம்மாவுக்கும் பாதிச் சிரிப்பு வந்தது; அது முழுச் சிரிப்பு ஆவதற்கு முன்பே கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவர் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு விடுவிடுவென்று போய் என் பையை எடுத்தார். இரட்டை முடிச்சு அவிழவில்லை. பல்லால் கடித்து அவிழ்த்தார். உள்ளே இருந்த என் துணிகளை எல்லாம், தன் புடவைகள் ஊறிக்கொண்டிருந்த அண்டாவில் கொண்டுபோய் மொத்தமாகக் கொட்டினார்.

நான் நடுவில் நின்றுகொண்டிருந்தேன். ஹோமில் ஒருத்தரைச் சத்தம் போட்டால் அவர் ஏதோ பெரிய தப்பு செய்துவிட்டார் என்று அர்த்தம். இங்கே யார் தப்பு செய்தது? சொல்லிக் கொடுத்த அக்காவா, செய்த நானா? என் துணிகளை நனைத்தது கோபத்திலா, வேறு எதிலா? பாதை முனைவரை அக்காவுடன் போனேன். அவர் என் தலையில் கை வைத்துக் குனிந்து, யாருக்கும் கேட்காத குரலில் சொன்னார்: "அவங்களுக்குக் கோவம் வந்துடுச்சி வசந்தா. கோவம் வந்துட்டா அப்புறம் ஜாஸ்தி நாள் வெச்சிக்க மாட்டாங்க. எனக்குத் தெரியும். துணி காஞ்சதும் எடுத்து வெச்சிக்கோ, என்னா?" பிறகு அடுத்து வந்த கும்பலோடு சேர்ந்துகொண்டார். கொஞ்ச தூரம் அவருடைய நீலத் தாவணி தெரிந்தது.

அதன் பிறகு வந்த நாட்கள்தான் எனக்கு மிகவும் குழப்பமானவை. பூங்காவனத்தம்மா அடக்கிப் பேசுவதை விட்டுவிட்டார். "ஏய், தட்ட எடுத்தா!" என்றார். "முழுசா தின்னு, கைய மூடினா குழம்பு கைமேலதான் ஊத்துவேன்" என்றார். சொன்னபடி ஒரு நாள் ஊற்றியும்விட்டார். விடியும் முன் எழுந்தால், "பேயி மாதிரி எதுக்குடி உலாத்தற, படு" என்று அதட்டினார். ஒவ்வொரு அதட்டலுக்கும் நான் என் கணக்கில் ஒரு நாளைக் குறைத்துக்கொண்டேன். என் துணிகள் காய்ந்ததும் எடுக்க ஓடினால், அவர் எனக்கு முன்னால் எடுத்துத் தன் தகரப் பெட்டியில் தன் புடவைகளோடு வைத்து மூடிவிடுவார். எந்தப் பெட்டியின் மூடியையும் திறக்கக் கூடாது என்று அக்கா சொல்லியிருக்கிறாரே! என் துணி என் கைக்கு எட்டாத இடத்துக்குப் போய்விட்டது. வயிறு மட்டும் நிறைந்திருந்தது. அது வேறு தூக்கத்தைக் கொடுத்து என்னைக் கவலைப்படவிடாமல் செய்தது.

பள்ளிக்கூடம் திறக்கும் வாரத்தில் ஒரு காலை, ஏழுமலை சைக்கிளைத் துடைத்து நிறுத்திவிட்டு, "வா, ஏறு. டவுனுக்குப் போலாம்" என்றார். எதற்கு என்று சொல்லவில்லை. அவர் அதிகம் பேசுகிறவர் இல்லை. பூங்காவனத்தம்மா மாட்டைப் பிடித்துக்கொண்டு கொல்லைக்குப் போயிருந்தார், சொல்லிக்கொள்ளக் கூட ஆள் இல்லை. என் இரண்டு பாவாடையும் சட்டையும் ஈரமாகக் கொடியில் தொங்கின. கேரியரில் உட்கார்ந்து, கொடி கண்ணுக்கு மறையும்வரை திரும்பிப் பார்த்துக்கொண்டே போனேன். டவுன் வந்தது, கோபுரம் வந்தது. போளூர் ரோட்டுக்குத் திரும்பும் இடம் நெருங்கியது. குளிக்கும்போது மட்டும்தான் அழ வேண்டும் என்பதெல்லாம் மறந்துபோய்ச் சத்தமாக அழுதுவிட்டேன்.

ஏழுமலை பிரேக் போட்டு, ஒரு காலை ஊன்றிக்கொண்டு திரும்பினார். "இன்னா? கால சக்கரத்துல உட்டுட்டியா?"

"என் துணி கொடியிலயே இருக்குதுங்க."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு தலையைத் தூக்கி வானத்தைப் பார்த்தார். ஒரு மேகம் இல்லை.

"இருந்தா இருக்கட்டும். மழையா வருது?"

அவ்வளவுதான் சொன்னார். சைக்கிள் போளூர் ரோட்டில் திரும்பவில்லை. நேராகப் போய் ஒரு தையல் கடை முன்னால் நின்றது. அடி அண்ணாமலைப் பள்ளிக்கூடத்துக்கு நீலப் பாவாடையும் வெள்ளைச் சட்டையும் தைக்க என்னை அளவெடுத்தார்கள். தையல்காரர் டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு நீளம் எவ்வளவு வைக்கலாம் என்று கேட்டார். "உள்ள நல்லா மடிச்சித் தெச்சிக் குடுங்க. ரெண்டு வருஷத்துக்கு வரணும். வளருவா" என்றார் ஏழுமலை.

ரெண்டு வருஷம். நான் அந்தக் கடையின் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அவர்கள் வீட்டிலிருந்துதான் நான் பத்தாவது வரை படித்தேன், அவர்கள் வீட்டிலிருந்துதான் கல்யாணமாகிப் போனேன். ஆனாலும் எனக்குத் தெளியாத ஒன்று இருக்கிறது. குமாரி அக்கா சொல்லிக் கொடுத்ததெல்லாம் தப்பு என்று சொல்லிவிடலாம். வீட்டுக்கு வரும் விருந்தாளி எப்படி நடந்துகொள்ள வேண்டுமோ அதைத்தான் அவர் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தார். வீட்டுப் பிள்ளை எப்படி இருக்கும் என்பது அவருக்கும் தெரியாது. நாங்கள் அவரிடமே திரும்பி வர வேண்டும் என்ற ஆசையில்தான் அப்படிச் சொல்லிக் கொடுத்தார் என்றுகூட ஹோமில் சில பெரிய பெண்கள் பேசிக்கொண்டார்கள். நான் அதை நம்பவில்லை. நம்பவில்லை என்று சொல்லும்போதே, எனக்கு எப்படித் தெரியும் என்றும் தோன்றுகிறது. அன்று அக்கா அந்த வெயிலில் செருப்பில்லாமல் வந்து பாயின் ஓரத்தில் உட்காராமல் இருந்திருந்தால், பூங்காவனத்தம்மாவுக்கு என்னைப் புரிந்தே இருக்காது, என்னைக் கொண்டுபோய் விட்டுவிட்டிருப்பார்கள். அப்படிப் பார்த்தால் என்னை அந்த வீட்டில் இருத்தியது அக்காதான். என்னைக் கிட்டத்தட்ட வெளியே அனுப்ப வைத்ததும் அவர்தான்.

அடுத்த வருடம் லீவுக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஒரு பை மல்லாட்டையோடு ஏழுமலை என்னை ஹோமுக்குக் கூட்டிப்போனார். சாப்பாட்டுக் கூடத்தில் வீட்டு விளையாட்டு நடந்துகொண்டிருந்தது. அக்கா என்னைப் பார்த்ததும் எழுந்து, மற்றப் பிள்ளைகளைப் பார்த்து, "இவளத்தான் வெச்சிகினாங்க. இவளையே கேப்போம். வசந்தா, நீ சொல்லு, அங்க எப்படி இருக்கணும்?" என்றார். குரலில் கேலி இல்லை. உண்மையாகவே கேட்டார். அத்தனை முகங்களும் என்னைப் பார்த்தன. 

"தெரியலக்கா" என்றேன்.

"பாத்தீங்களா, இவளுக்கே தெரியல" என்று அக்கா சிரித்தார். பிறகு பாயில் உட்கார்ந்து, கதவுக்கு வெளியே நின்ற பிள்ளையை அழைத்தார். "வாம்மா, சாப்பிடுறியா?" என்று கேட்டார். கேட்டுவிட்டு, எங்கள் பக்கம் திரும்பி, "இதுக்கு என்னா சொல்லலாம்?" என்றார். அக்கா விடையைச் சொல்லாமல் எங்களையே கேட்டது அதுதான் முதல் தடவை. வேணும்னு சொல்லணும் என்று ஒருத்தி கத்தினாள், வேணாம் என்று இன்னொருத்தி, ஒண்ணும் பேசாம நிக்கணும் என்று ஒருத்தி. கூடமே இரைச்சலானது. அக்கா யாரையும் தப்பு என்று சொல்லவில்லை.

அந்தக் கட்டடம் இப்போது இல்லை. அந்த இடத்தில் பல மாடி லாட்ஜ் ஒன்று நிற்கிறது. அச்சாபீசும் போய்விட்டது; அது மூடிய பிறகு குமாரி அக்கா பெங்களூர்ப் பக்கம் ஏதோ அட்டைப்பெட்டி கம்பெனிக்குப் போனதாகச் சொன்னார்கள், அதற்கு மேல் தகவல் இல்லை. ஏழுமலையும் இல்லை, பூங்காவனத்தம்மாவும் இல்லை. மல்லாட்டைக் கொல்லை மனைகளாகிவிட்டது.

நான் அங்கன்வாடி ஒன்றில் உதவியாளராக இருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் டவுனில் உள்ள பிள்ளைகள் காப்பகம் ஒன்றுக்குப் போகிறேன். இப்போது லீவு வீடு என்று சொல்வதில்லை, "வளர்ப்புக் குடும்பம்" என்கிறார்கள். படித்தவர்கள் வந்து, படம் போட்டுக் காட்டி, பிள்ளைகளுக்கு அழகாக வகுப்பு எடுக்கிறார்கள். நீங்களும் இப்படி வளர்ந்தவர்தானே, ஏதாவது பேசுங்கள் என்று என்னையும் கேட்பார்கள். எனக்குப் பேச வராது. நான் பாட்டுக்குப் பின்னால் உட்கார்ந்து, யாராவது ஒரு பிள்ளைக்குத் தலை வாரிக்கொண்டிருப்பேன்.

போன மாதம் அப்படித்தான் ஒரு பெண்ணுக்குப் பின்னல் போட்டுக்கொண்டிருந்தேன். பத்து வயது இருக்கும், மறுவாரம் ஒரு குடும்பத்துக்குப் போக இருந்தவள். வகுப்பு முடிந்து எல்லாரும் எழுந்த பிறகும் அவள் எழவில்லை. எதையோ யோசித்துக்கொண்டிருந்தாள்.

"ஆண்ட்டி, அங்க போனா எப்படி இருக்கணும்னு எங்களுக்கு கிளாஸ் எடுக்கறாங்க இல்ல? எங்களக் கூட்டிகினு போறவங்களுக்கும் கிளாஸ் எடுப்பாங்களா?"

"அவங்களச் சேர்த்துக்கறதுக்கு முன்ன ஒரு வாட்டி கூப்பிட்டுப் பேசுவாங்க. இந்த மாதிரி வாராவாரம் எல்லாம் இல்ல."

"அப்ப அவங்களுக்குப் பயமா இருக்காதா?" என்றாள்.

நான் பின்னலை நுனிவரை முடித்துப் பிடித்துக்கொண்டேன்.  அவள், "பாவம்" என்று தனக்குள் சொல்லிக்கொண்டு, ரிப்பனை எடுத்து என்னிடம் நீட்டினாள்.